கிரிட்டிசிசம் தொகுப்பைச் சண்டை சண்டையாகப் படியுங்கள்: எம்.ஏ. ஆங்கிலம், நெட் எழுதுவோருக்கு

எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கிரிட்டிசிசம், அதாவது இலக்கிய விமர்சனக் கட்டுரைகளின் தடித்த தொகுப்பு ஒன்று கைக்கு வந்துவிடும். சில கல்லூரிகளில் என்ரைட்டும் டி சிக்கேராவும் தொகுத்த ‘இங்கிலீஷ் கிரிட்டிகல் டெக்ஸ்ட்ஸ்’. சிலவற்றில் எஸ். ராமசாமியும் வி.எஸ். சேதுராமனும் தொகுத்த இரண்டு மாக்மில்லன் தொகுதிகள். இலக்கியக் கோட்பாடு படிக்கும் தியரி பேப்பருக்கு டேவிட் லாட்ஜ் தொகுத்ததில் ஏதாவது ஒன்று. புத்தகம் வாங்காதவர் கையிலும் அதன் ஜெராக்ஸ் கட்டாயம் இருக்கும். முதல் கட்டுரை பெரும்பாலும் ஃபிலிப் சிட்னி கவிதைக்காக வாதாடி எழுதியது. நாலு பக்கம் போவதற்குள் மூச்சு முட்டும். அப்புறம் என்ன, கடைக்குப் போய் கைடு வாங்குவதுதான்.

கைடு வாங்குவதில் தப்பொன்றும் இல்லை. நானே இன்றைக்கும் புரட்டுகிறேன். ஆனால் கைடு ஒரு விஷயத்தைச் செய்யவே செய்யாது. கட்டுரையாளர் என்ன சொன்னார் என்று ஆறு பாயிண்டில் சொல்லும். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை விட்டுவிடும். கிரிட்டிசிசம் தொகுப்பில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் பதில்கள். ஒருவர் எங்கோ எதையோ எழுத, இன்னொருவருக்குக் கோபம் வந்து பேனாவை எடுத்திருக்கிறார். அந்தக் கோபத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மனப்பாடம் செய்தால் ஒட்டாது. ஆகவே தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். ஒரு சண்டையைத் தேர்ந்தெடுத்து, அதில் கலந்துகொண்டவர்களை மட்டும் தேடிப் படியுங்கள்.

நான் ஜூனியர்களுக்கு முதலில் கொடுப்பது ஆசிரியர் பற்றிய சண்டை. கவிதைக்கும் அதை எழுதியவருக்கும் என்ன உறவு? இதை வேர்ட்ஸ்வொர்த் தன் ‘லிரிகல் பேலட்ஸ்’ கவிதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையிலிருந்து, அதாவது 1800-இலிருந்து தொடங்கலாம். முழுதும் வேண்டாம், கவிதை என்பது அமைதியில் நினைவுகூரப்பட்ட உணர்ச்சியிலிருந்து பிறக்கிறது என்று அவர் சொல்லும் பகுதி போதும். அங்கிருந்து நேராக 1919-க்குத் தாவி எலியட்டின் ‘டிரடிஷன் அண்ட் த இண்டிவிஜுவல் டேலண்ட்’ கட்டுரையை எடுங்கள். அதன் இரண்டாம் பகுதியின் முடிவுப் பக்கம் வந்ததும் நிதானியுங்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் அந்தச் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு, துல்லியமில்லாத சூத்திரம் என்கிறார் எலியட். அது உணர்ச்சியும் இல்லை, நினைவுகூரலும் இல்லை, பொருளைத் திரிக்காமல் பார்த்தால் அமைதியும் இல்லை என்று மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிடுகிறார். வேர்ட்ஸ்வொர்த் பெயரை அந்த இடத்தில் சொல்வதே இல்லை. முன்னுரையைப் படிக்காமல் வந்தவர் அதைச் சாதாரண வரி என்று கடந்துபோவார். படித்துவிட்டு வந்தவருக்கு அது முகத்தில் விட்ட குத்து என்று தெரியும்.

பிளாட்டினம் உவமையும் இந்தச் சண்டைக்குள்தான் வருகிறது. ஆக்சிஜனும் சல்ஃபர் டை ஆக்சைடும் உள்ள கலத்தில் பிளாட்டினக் கம்பி ஒன்றை வைத்தால் அமிலம் உண்டாகிறது; கம்பி மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது. கவிஞன் மனம் அந்தக் கம்பி. எல்லாக் கைடிலும் இது உண்டு. ஆனால் எலியட்டுக்கு இந்த உவமை ஏன் தேவைப்பட்டது? உணர்ச்சி கவிஞனிடமிருந்து பொங்கி வழிகிறது என்ற வேர்ட்ஸ்வொர்த்தின் படத்தை அழிக்க இன்னொரு படம் வேண்டியிருந்தது. இது பிடிபட்டால் ‘இம்பர்சனாலிட்டி’ (கவிஞனின் சொந்த ஆளுமை கவிதையில் கலக்காமை) பற்றிய பத்து மார்க் கேள்விக்கு நோட்ஸ் தேவையில்லை.

அடுத்து விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் எழுதிய ‘இண்டென்ஷனல் ஃபேலஸி’, அதாவது ஆசிரியரின் நோக்கத்தை வைத்துக் கவிதையை எடைபோடும் பிழை. இதன் கடைசிப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். எலியட்டின் புரூஃப்ராக் கவிதையில் கடற்கன்னிகள் பாடுவதைக் கேட்டேன் என்று ஒரு வரி வரும். ஜான் டன்னிடமும் கடற்கன்னி பாட்டு உண்டு. எலியட் டன்னை நினைத்துத்தான் எழுதினாரா? அப்போது எலியட் உயிரோடு இருக்கிறார். கடிதம் போட்டே கேட்கலாம். கேளுங்கள், ஆனால் வரும் பதிலுக்கும் கவிதைக்கும் சம்பந்தம் இல்லை என்கிறார்கள் இருவரும். விமர்சனக் கேள்விகளைக் குறி கேட்டுத் தீர்க்க முடியாது என்பதுதான் கட்டுரையின் கடைசி அடி. கவிஞனைக் கவிதையிலிருந்து விலக்கிய எலியட்டே இங்கே கதவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

இதற்குப் பிறகு ரோலான் பார்த்தின் ‘டெத் ஆஃப் தி ஆத்தர்’ (1967) படித்தால் பயம் இருக்காது. சில பக்கங்கள்தான். பால்சாக்கின் ‘சராசீன்’ கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டு, இதைப் பேசுவது யார் என்று கேட்பதில் தொடங்குகிறது. கதைநாயகனா, பால்சாக் என்ற தனிமனிதரா, பால்சாக் என்ற எழுத்தாளரா? கடைசியில் ஆசிரியர் சாக, வாசகர் பிறக்கிறார். ஒரு எச்சரிக்கை: விம்சாட் சொன்னதைத்தான் ரோலான் பார்த்தும் சொன்னார் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். ரோலான் பார்த் முன்னால் இருந்தது பிரெஞ்சுச் சூழல்; எடுத்துக்காட்டுகளும் மல்லார்மே, வலேரி, புரூஸ்ட் என்றே போகும். விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியரை விலக்கியது கவிதையின் பொருளை நிலைநிறுத்த. பார்த் விலக்குவது பொருளை யாரும் பூட்டி வைக்கக்கூடாது என்பதற்காக. 1969-இல் ஃபூக்கோ வந்து, ஆசிரியர் போனார் என்று சொன்னால் மட்டும் போதுமா, அந்தப் பெயர் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள் என்கிறார்.

1800, 1919, 1946, 1967, 1969. இந்த ஆண்டுகளை யாரும் உங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. யார் யாருக்குப் பின்னால் வந்தார் என்று தெரிந்தாலே கால வரிசை வந்துவிடுகிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். காலவரிசைப்படுத்தல், பொருத்துக, கூற்று–காரணம் ஆகியவைதான் ஆளைச் சாய்ப்பவை. பாடத்திட்டத்தின் பத்து யூனிட்டில் எட்டாவது கிரிட்டிசிசம், ஒன்பதாவது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தியரி. இரண்டும் இந்தத் தொகுப்புகளுக்குள்தான் கிடக்கின்றன. நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதால் தெரியாததையும் குறித்துவிட்டு வரலாம், அது வேறு விஷயம்.

ஆண்டுகளில் சில வில்லங்கங்கள் உண்டு, அவற்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிட்னி இறந்தது 1586. கட்டுரை அச்சானது 1595. அந்த ஒரே ஆண்டில் இரண்டு பதிப்பு, இரண்டு தலைப்பு: ‘டிஃபன்ஸ் ஆஃப் போயசி’, ‘அபாலஜி ஃபார் பொயட்ரி’. ஒன்றே என்று தெரியாமல் இரண்டு நூலாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு முன்னால் 1579-இல் ஸ்டீஃபன் கோஸன் நாடகக்காரரையும் கவிஞரையும் திட்டி ‘ஸ்கூல் ஆஃப் அபியூஸ்’ எழுதி, அதைச் சிட்னிக்கே சமர்ப்பணமும் செய்திருந்தார். ஷெல்லி கதை இன்னும் சுவாரசியம். நண்பர் பீகாக் 1820-இல் கவிதையின் காலம் முடிந்தது என்று கிண்டலாக ஒரு கட்டுரை எழுத, ஷெல்லி 1821-இல் பதில் எழுதினார். அச்சானது 1840, அவர் இறந்து பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு. அதற்குள் பீகாக்கைச் சுட்டும் இடங்களை வெட்டிவிட்டார்கள். ஆகவே தொகுப்பில் நீங்கள் படிப்பது எதிராளி இல்லாத சண்டை. பீகாக் கட்டுரையை ஒருமுறை புரட்டினால்தான் ஷெல்லி ஏன் இவ்வளவு உயரக் குரல் எழுப்புகிறார் என்று விளங்கும். கேள்வியில் எழுதிய ஆண்டைக் கேட்கிறார்களா, வெளியான ஆண்டைக் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

டிரைடனைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 1668-இல் வந்த அவருடைய ‘எஸ்ஸே ஆஃப் டிரமாட்டிக் போயசி’ கட்டுரை நாடகம் மாதிரி. தேம்ஸில் படகு, தூரத்தில் டச்சுக்காரரோடு நடக்கும் கடற்போரின் பீரங்கிச் சத்தம், படகில் நாலு பேர். கிரைட்டீஸ் பழையவர்கள் கட்சி, யூஜீனியஸ் புதியவர்கள் கட்சி, லிசிடியஸ் பிரெஞ்சுக்காரர் கட்சி, நியாண்டர் ஆங்கிலேயர் கட்சி. நியாண்டர்தான் டிரைடன். பொருத்துக கேள்விக்கு இது போதும். நாடகம் ஒரே இடத்தில், ஒரே நாளுக்குள் நடக்க வேண்டும் என்ற இடம், கால ஒருமை பற்றிய வாதத்தை 1765-இல் ஜான்சன் தன் ஷேக்ஸ்பியர் பதிப்பின் முன்னுரையில் முடித்துவைக்கிறார்: மேடை மேடைதான், நடிகர் நடிகர்தான் என்பது முதல் அங்கத்திலிருந்து கடைசி அங்கம்வரை பார்வையாளருக்குத் தெரியும், பிறகென்ன, காட்சி அலெக்சாண்டிரியாவிலிருந்து ரோமுக்குத் தாவுகிறதே என்று கவலை?

தியரி பக்கம் வந்தால், தொகுப்புக்குள்ளேயே நேருக்கு நேர் மோதும் இருவரிடமிருந்து தொடங்குங்கள். லாட்ஜின் 1988 தொகுப்பான ‘மாடர்ன் கிரிட்டிசிசம் அண்ட் தியரி’யில் எம்.எச். ஏப்ரம்ஸின் ‘டீகன்ஸ்ட்ரக்டிவ் ஏஞ்சல்’, ஜே. ஹில்லிஸ் மில்லரின் ‘கிரிட்டிக் ஆஸ் ஹோஸ்ட்’ இரண்டும் இருக்கின்றன. 1976-இல் அமெரிக்காவின் மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் மாநாட்டில் ஒரே அமர்வில் நடந்த மோதலின் தொடர்ச்சி இவை. பிரதியின் பொருள் தன்னைத்தானே குலைத்துக்கொள்வதைக் காட்டும் கட்டுடைப்பு (டீகன்ஸ்ட்ரக்‌ஷன்) வாசிப்பு மூலப் பிரதியை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி என்பது குற்றச்சாட்டு. மில்லர் அந்த ஒட்டுண்ணியையே கையில் எடுத்து, யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று தலைகீழாக்குகிறார். கட்டுடைப்பின் மூலவரான டெரிடாவின் ‘ஸ்ட்ரக்சர், சைன் அண்ட் ப்ளே’யை இதற்கு முன்பு தொடுவது வீண் வேலை. இது முடிந்து, டெரிடா அதில் அலசும் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் என்ன சொன்னார் என்றும் ஓரளவு தெரிந்த பிறகு டெரிடாவுக்குப் போங்கள்.

அதே லாட்ஜ் தொகுப்பில் பலர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. உள்ளடக்கம் இரண்டு விதமாக அச்சாகியிருக்கும், ஒன்று கால வரிசையில், இன்னொன்று பொருள் வாரியாக. ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் சிறு அறிமுகம். அதன் முடிவில் இந்த நூலிலேயே எந்தக் கட்டுரையோடு சேர்த்துப் படிக்கலாம் என்று எண்கள். சண்டைகளைக் கண்டுபிடிக்கும் வரைபடம் அதுதான். அறிமுகக் குறிப்பை மட்டும் கட்டுரைக்குப் பிறகு படியுங்கள். முன்னாலேயே படித்தால், தொகுப்பாளர் கண்டதைத்தான் நீங்களும் காண்பீர்கள்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள், “அக்கா, வாக்கியமே முடிய மாட்டேங்குது, இதுல சண்டையை எங்க தேடுறது?” நியாயமான கேள்வி. ஜான்சனும் கோல்ரிட்ஜும் அப்படித்தான். ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்து, முதன்மை வினை எங்கே இருக்கிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள். மிச்சமெல்லாம் அதில் தொங்குபவை. ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ என்று பொருள் தரும் சொற்களுக்கு இன்னொரு வண்ணம். பெரும்பாலும் எதிராளி அதற்கு முன்னாலும் கட்டுரையாளர் அதற்குப் பின்னாலும் இருப்பார்கள். அந்தப் பெண் கேட்ட அன்று நாங்கள் உட்கார்ந்தது ஜான்சனின் ஒரே பக்கத்தோடு. மாலை முழுக்க அதுவே போனது, ஆனால் அடுத்த பக்கம் அவளே படித்தாள்.

தொகுப்புகளில் பல கட்டுரைகள் வெட்டப்பட்டிருக்கும். மூன்று புள்ளி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சிட்னி முதல் ஆர்னல்ட் வரையிலான பழைய கட்டுரைகளும், எலியட்டின் 1920 நூலான ‘சேக்ரட் வுட்’டும் புராஜெக்ட் குட்டன்பர்க் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்து ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதில்லை.

நம் ஊர் மாணவர்கள் விடைத்தாளில் விரும்பிச் செய்யும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலியட்டின் ‘அப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்’ (ஓர் உணர்ச்சியை வாசகரிடம் எழுப்பும் புறப்பொருள், சூழல், நிகழ்ச்சிகள்) பற்றி எழுதிவிட்டு, இதை எங்கள் தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார் என்று முடிப்பது. திணை மரபும் எலியட்டும் சந்திக்கும் இடம் இருக்கலாம், ஆனால் அதை ஒரு வரியில் சொன்னால் இரண்டு பேருக்கும் அநியாயம். ஹேம்லட் நாடகம் ஏன் தோற்றது என்று காட்டத்தான் எலியட்டுக்கு அந்தக் கருத்து தேவைப்பட்டது. அந்த வழக்கைச் சொல்லாமல் ஒப்பீட்டுக்குப் போகாதீர்கள்.

ஹாஸ்டலில் நாலைந்து பேர் இருந்தால் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் செய்ததைச் செய்து பாருங்கள். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை மறைத்து 13 கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதியதை அலசித்தான் 1929-இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ வெளியிட்டார். நீங்கள் ஒரு கவிதையை எடுத்துப் பெயரை மறைத்து ஆளுக்குப் பத்து வரி எழுதுங்கள். படித்துக் காட்டும்போது நிச்சயம் வாக்குவாதம் வரும். யார் வேர்ட்ஸ்வொர்த் கட்சி, யார் விம்சாட் கட்சி என்று அப்போது பெயர் வையுங்கள். நெட் தாளில் கவிதை ஒன்றைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கும் இதுவே பயிற்சி.

பழைய வினாத்தாள்களை மொத்தமாகக் கடைசி மாதத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டாம். அவை விடைக்குறிப்போடு இணையத்தில் கிடைக்கின்றன. ஆசிரியர் சண்டை முடிந்ததா, அதில் வந்த ஐந்தாறு பெயர்கள் தொடர்பான கேள்விகளை மட்டும் பல ஆண்டுத் தாள்களிலிருந்து பொறுக்கிப் போட்டுப் பாருங்கள். தவறிய கேள்விக்குக் கைடில் விடை தேடாமல், கட்டுரையில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடி ஓரத்தில் தேர்வு ஆண்டை எழுதிவையுங்கள்.