1370இல் பிறந்தவரின் கோப்பு

'மீள்குடியேற்றம்' என்றால் நம்மவர்களுக்கு வன்னிதான் நினைவுக்கு வரும். நீர்கொழும்பில் வாடகை அறையில் இருக்கும் பாகிஸ்தான் அஹ்மதியா குடும்பத்துக்கோ ஆப்கான் குடும்பத்துக்கோ அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. மூன்றாம் நாடொன்று ஏற்றால் விமானம் ஏறலாம், அதுவரை காத்திருக்க வேண்டும். இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. இங்கே தங்கிவிடவும் வழியில்லை, சட்டப்படி உழைக்கவும் வழியில்லை. அகதி என்று அங்கீகரித்து வந்தது அரசு அல்ல, ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர்.தான். ஆகவே முழுக் குடும்பமும் ஒரு கோப்பை நம்பித்தான் இருக்கிறது.

அந்தக் கோப்பை அதிகம் கெடுப்பது திகதி. ஆப்கான் அடையாளப் பத்திரமான தஸ்கிராவில் பெரும்பாலும் பிறந்த நாள் இருக்காது. அவர்களது நாட்காட்டிப்படி '1385இல் வயது 15' என்று மட்டும் இருக்கும். கழித்தால் 1370. நம் கணக்கில் அது 1991 மார்ச் 21 அளவில் தொடங்கி 1992 மார்ச் 20 வரை ஓடும் ஆண்டு. ஒருவர் 621ஐக் கூட்டி 1991 என்பார், இன்னொருவர் 622ஐக் கூட்டி 1992 என்பார். படிவம் நாளும் மாதமும் கேட்கிறதே என்று 1991 ஜனவரி 1 போட்டால், அது 1369க்குள் போய் விழும். அண்ணனுக்கு 622ஐயும் ஒரு வயது இளைய தம்பிக்கு 621ஐயும் கூட்டி ஜனவரி 1 போட்டால், இருவருக்கும் ஒரே பிறந்த திகதி வந்துவிடும். அதிகாரி அதைக் கணக்குப் பிழையாகப் பார்ப்பதில்லை, பொய்யாகத்தான் பார்க்கிறார். முதல் பதிவில் எந்தத் திகதி உள்ளதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். அது பிழையென்றால் மௌனமாக மாற்றாமல், ஏன் பிழைத்தது என்று ஒரு கடிதம் இணையுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்களுக்கும் இதே விதிதான்.

அடுத்தது, மறைக்கப்பட்ட உறவு. முதல் தாரத்துப் பிள்ளை அம்மாவோடு ஊரில் இருக்கிறது, அதை ஏன் எழுத வேண்டும் என்று நினைப்பார்கள். கட்டாயம் எழுத வேண்டும். கனடாவுக்குப் போகும்போது அறிவிக்காத பிள்ளையைப் பிறகு குடும்பமாக அழைக்க முடியாமலே போகலாம்.

கொழும்பில் பிறந்த குழந்தைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்காது, ஆனால் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். 42 நாட்களுக்குள் பதியுங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று சத்தியக்கடதாசி, சாட்சி என அலைய வேண்டி வரும். சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து, பிறப்பை உடனே கோப்பில் சேர்ப்பியுங்கள்.

அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்குப் பொதுவாக 30 நாள்தான். 'நாங்கள் உண்மையைத்தான் சொன்னோம்' என்று எழுதுவது மேன்முறையீடு ஆகாது. கடிதத்தில் நம்பவில்லை என்று குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியே பதில் வேண்டும். மொழிபெயர்த்தவரால் பிழைத்திருந்தால் எந்தக் கேள்வியில், எந்தச் சொல் என்று காட்டுங்கள்.

விசா முடிந்ததற்காக 1948ஆம் ஆண்டு குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் பிடித்துத் தடுப்பு நிலையத்தில் வைத்தால், வெளியில் இருப்பவர்கள் அன்றே உதவி தேடி ஓட வேண்டும். தடுப்பு இடங்களைப் பார்வையிடும் அதிகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு உண்டு. பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடலாம். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவில் முதலில் விசாரியுங்கள்.

யு.என்.எச்.சி.ஆர். பதிவு, நேர்காணல், மீள்குடியேற்றப் பரிந்துரை எதற்கும் ஒரு ரூபாகூடக் கட்டணமில்லை. காசு கொடுத்தால் கோப்பை முன்னே தள்ளிவிடுகிறோம் என்பவர் ஏமாற்றுகிறார். 2024 நவம்பர் இறுதியில் கனடா, ஐந்து பேர் சேர்ந்து அகதியைப் பொறுப்பேற்கும் 'ஐவர் குழு' ஸ்பொன்சர் விண்ணப்பங்களைப் புதிதாக ஏற்பதை நிறுத்தியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகள் திட்டத்தையே இடைநிறுத்தியது. விண்ணப்பிக்குமுன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, தொலைபேசி இலக்கம். வேறொருவர் பெயரில் எடுத்த சிம் திடீரென்று துண்டிக்கப்படும். நேர்காணலுக்கான அழைப்பு அந்த வாரம்தான் வந்திருக்கும். வீடு மாறினாலும் இலக்கம் மாறினாலும் அன்றே எழுத்தில் அறிவித்து, அனுப்பியதன் பிரதியை வைத்திருங்கள். பழைய சிம்முக்கும் ரீலோட் போட்டு, சில மாதமாவது உயிரோடு வைத்திருங்கள்.