23 கிலோ கல்லும் ஒரு கட்டைவிரலும்

பிடிவலுப் பயிற்சி செய்கிறவர்கள் நடுவே 'ப்ளாப்' என்ற இரும்புக் கட்டிக்குப் பெரிய பெயர். உடற்பயிற்சி எடைகள் செய்யும் அமெரிக்காவின் யார்க் கம்பெனி அந்தக் காலத்தில் வார்த்த 100 பவுண்டு டம்பெல்லை நடுவில் அறுத்தால் கிடைக்கும் ஒரு பக்கத்துத் தலைதான் அது. எடை ஏறக்குறைய 50 பவுண்டு, அதாவது 23 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பிடி கிடையாது. மேலிருந்து ஒரே கையால் கவ்வி, நிமிர்ந்து நிற்க வேண்டும். அமெரிக்கப் பலசாலி ரிச்சர்ட் சோரின் தூக்கிக் காட்டிப் பிரபலமாக்கிய பிறகு, விரல் வலுவுக்கு அதுவே ஒரு பரீட்சை ஆகிவிட்டது. எடையைக் கேட்டால் ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை. தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறிவிடலாம். அதைக் கிள்ளித் தூக்குவதுதான் சங்கதி.

அந்த டம்பெல்லுக்கு நான் எங்கே போக? ஆனால் மேலூர்ப் பக்கம் இருந்துகொண்டு கல்லுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. கிரானைட் கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் வரும். கனம் 10 செ.மீ., அகலம் 28, நீளம் 30 என்று வெட்டினால் 22.7 கிலோ. கணக்கு அச்சாக உட்கார்ந்தது. அறுப்புப் பட்டறையில் கழிவுக் கல் குவியலில் இருந்து ஒன்றை எடுத்து, அளவு சொல்லி வெட்டச் சொன்னேன். "என்ன தம்பி, அம்மிக்கா?" என்றார் மிஷின் ஓட்டுகிற அண்ணன். ஒரு கையால் தூக்கத்தான் என்றேன். அவர் கல்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இரண்டு கை இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு மிஷினை ஓட விட்டார். பாலிஷ் வேண்டாம், அறுத்த முகம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி வாங்கினேன். பாலிஷ் போட்ட கல் பார்க்க லட்சணமாக இருக்கும், பிடிக்க ஆகாது.

கிரிப்பர், அதாவது கைக்குள் வைத்து அமுக்கி மூடும் ஸ்பிரிங் கருவி, அமுக்குவதில் நான் மோசமில்லை. 'கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ்' வரிசையில் 140 பவுண்டு என்று போட்டிருக்கும் 1-ஆம் நம்பரை வலது கையில் மூடிவிடுவேன். ஆனால் கல்லுக்கு அந்தக் கணக்கு செல்லாது. கிரிப்பரில் வேலை எல்லாம் நான்கு விரலுக்கு, கட்டைவிரல் சும்மா அண்டை கொடுக்கும். கட்டியைக் கவ்வும்போது ஒரு பக்கம் நான்கு விரல், எதிர்ப்பக்கம் கட்டைவிரல் தனி ஆள். இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தினால்தான் கல் நிற்கும். எடையில் பாதியை, அதாவது பதினொன்றரை கிலோவை, ஒவ்வொரு பக்கமும் உராய்வு தாங்க வேண்டும். தோலும் கல்லும் எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்று சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால் கட்டைவிரல் மட்டும் 23 கிலோ அழுத்தம் கொடுக்க வேண்டும். வியர்வையில் அது 0.4 ஆக இறங்கினால், அதே கல்லுக்கு 29 கிலோ அழுத்தம் வேண்டும். கல்லில் ஒரு கிராம் கூடவில்லை, கட்டைவிரலுக்கு மட்டும் 6 கிலோ கூடிவிட்டது.

இது புரிந்த பிறகு பயிற்சியே மாறிப்போனது. நான்கு விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசை உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள சதையில் இருக்கிறது. சின்னத் தசை. கை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு அது பலம் இழக்கும். அதனால் 6 செ.மீ. கனத்தில் தூக்குகிற எடையை வைத்து 10 செ.மீ. கனத்துக்குக் கணக்குப் போடவே முடியாது.

தச்சரிடம் சொல்லி வேப்பங்கட்டை மூன்று செய்துகொண்டேன். கனம் 6, 7.5, 10 செ.மீ. அடியில் ஒரு கொக்கி, கொக்கியில் சங்கிலி, சங்கிலியில் எடை. எடைக்கு ஜிம் தட்டுகள் ஒத்துவரவில்லை. இந்த வேலையில் ஒன்றேகால் கிலோ கூட்டுவதே பெரிய தாவல். அப்போதுதான் மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஞாபகம் வந்தது. எலக்ட்ரானிக் தராசு வந்ததும் மளிகைக் கடைகள் கழித்துக் கட்டிய இரும்பு எடைக்கற்கள் அங்கே பழைய சாமான்களோடு கிடக்கும். அடியில் ஈயம் அடைத்து முத்திரை குத்திய அறுகோணக் கற்கள். 5 கிலோ, 2 கிலோ, 1 கிலோ, அரைக் கிலோ, 200 கிராம் என்று சில செட் தேற்றினேன். பழைய இரும்பு விலைதான். இந்த 200 கிராம் கல் எனக்குச் செய்த உபகாரத்தை எந்த ஜிம் சாமானும் செய்யவில்லை. நேற்று தூக்கியதற்கு மேல் 200 கிராம் என்றால் கை ஏமாந்து தூக்கிவிடும்.

வாரத்துக்கு இரண்டு நாள்தான், அதுவும் காலையில். கட்டையைப் பிடித்து எழுந்து, பத்து விநாடி நின்று, போடாமல் மெதுவாக இறக்குவேன். கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நேர் எதிரே வைத்தால்தான் கட்டை சாயாமல் எழும்புகிறது. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. தசை சீக்கிரம் தேறும், தசைநார் அப்படி இல்லை. கட்டைவிரல் அடியில் குத்தல் வந்தால் அந்த வாரம் விடுமுறை. மூடுகிற பயிற்சிக்கு ஈடாக விரிக்கிற பயிற்சியும் வேண்டும் என்பதால், ஒரு வாளி அரிசிக்குள் கையை நுழைத்து விரலை விரித்து விரித்து எடுப்பேன். "ரேஷன் அரிசின்னா என்ன, அதுவும் சோறாகுற அரிசிதானப்பா" என்று அம்மா சொன்னதில் இருந்து வாளியில் மணல்.

சித்திரை, வைகாசியில் நம்ம ஊரில் இந்தப் பயிற்சி செய்வது தனிக் கொடுமை. சுண்ணக்கட்டி போல இருக்கும் மெக்னீசியம் கார்பனேட்டைத் தேய்த்தால் வியர்வையை உறிஞ்சும். திருநீறும் பூசிப் பார்த்தேன். பரவாயில்லை, ஆனால் பொடி கல்லில் தங்கி, பிறகு அதுவே வழுக்குகிறது. தோல் ஒரேயடியாகக் காய்ந்தாலும் பிடிப்பு குறையும். கையைக் கழுவித் துடைத்து, லேசாகப் பதம் இருக்கும்போது கொஞ்சமாகப் பொடி தேய்ப்பதுதான் எனக்குச் சரியாக வந்தது. கல்லை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துக் காய விட வேண்டும்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் "இளவட்டக்கல்லா?" என்கிறார்கள். பொங்கலுக்குத் தென் மாவட்டங்களில் தூக்கும் அந்த உருண்டைக் கல்லை இரண்டு கையாலும் அணைத்து, மடிக்குக் கொண்டுவந்து, நெஞ்சில் ஏற்றி, தோளுக்குப் போக வேண்டும். இடுப்பும் முதுகும் தொடையும் பேசுகிற வித்தை அது. அதைத் தூக்குகிற பையன் ஒருவன் என் கல்லை முயன்று பார்த்தான். அசையவில்லை. அவன் கல்லை நான் முயலவே இல்லை, எனக்கு அந்தளவு விவரம் உண்டு.

இப்போதைய நிலவரம் இதுதான். 6 செ.மீ. கட்டையில் 12 கிலோவில் ஆரம்பித்தது 21-க்கு வந்திருக்கிறது. 7.5 செ.மீ.யில் 17.4. 10 செ.மீ. கனத்தில், 20-க்கு 28 அளவில் வெட்டிய 15 கிலோ கல்லை முழுதாகத் தூக்கி நிற்கிறேன், இடது கையில் முழங்கால் வரை. பெரிய கல்லை வலது கையால் பிடித்தால் ஒரு முனை கிளம்புகிறது, மறுமுனை தரையை விடவில்லை. அதனால் இடையில் ஒரு படி தேவைப்படுகிறது. 10-க்கு 25-க்கு 28 வெட்டினால் 18.9 கிலோ வரும். பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த லாரிக் கல் இறங்கியதும் கழிவில் பார்க்கலாம் என்றார் அண்ணன்.