அந்தோனியாரின் நாவுக்கு முன்னால்

ஜூன் திருவிழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அது. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி கோட்டையில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோ. செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டுவதற்குள் அரை மணித்தியாலம் போய்விட்டது. கூட வந்தவர் எங்கள் மேல்மாடி அக்கா. கத்தோலிக்கர். எத்தனையோ வருடங்களாகச் செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர். "ஒருநாள் வந்துதான் பாருங்கோவன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீடு தென்னிந்திய திருச்சபை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வீடு. வேதப்புத்தகம் உண்டு, ஞானப்பாட்டு உண்டு, சுரூபம் கிடையாது. புனிதர்களின் உடலில் ஒரு பகுதியை எடுத்துப் பேழையில் வைத்து வணங்குவது எனக்குப் பழக்கமில்லாதது. அந்தத் தயக்கம் இப்போதும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் அன்றைக்குப் போனேன், ஏனென்றால் அக்கா முதல்நாள் இரவு சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. "அங்க அந்தோனியாற்ற நாக்கில ஒரு துண்டு இருக்குது பிள்ளை" என்றார்.

நாக்கு என்றதும் எனக்கு என் தம்பியின் முகம்தான் வந்தது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்தபோது தம்பி ரொறன்ரோவில் இருந்து வந்தான். அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கிறோம். மாமி, சித்தப்பா, சபை ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர். அவன் அம்மாவின் கட்டிலில் இருந்து அழுதான். நான் வாசலில் நின்றபடி சொன்னேன்: "மூண்டு வருசமா உன்ர ஃபோனுக்குக் காத்திருந்தவ. அப்ப வராத அழுகை இப்ப எங்கயிருந்து வருது?" சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பா. அவன் எழுந்து வெளியே போனான். ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை.

அந்த இரண்டு வருடமும் என்னைத் தாங்கிப் பிடித்தது ஒரே ஒரு நினைப்புத்தான்: நான் உண்மையைத்தானே சொன்னேன்.

கொச்சிக்கடைத் திருத்தலத்தின் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த வழக்கம். அந்த உயிர்த்த ஞாயிறு காலையில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது குண்டு வெடித்தது இங்கேதான். அதே காலையில் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் வெடித்தது. இறந்தவர்கள் 260க்கும் மேல். இந்தக் கோவிலைக் கடற்படையினர் திருத்திக் கொடுக்க, அதே வருடம் ஜூன் 12இல், திருவிழாவுக்கு முதல்நாள், மறுபடியும் திறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அக்கா அதன் முன்னால் நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தேன். தமிழ்ப் பெயர்கள், சிங்களப் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிற இடத்தில் மேலே வாசிக்க முடியவில்லை.

நாங்கள் போனது நண்பகலுக்குச் சற்று முன்னால். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. பொட்டு வைத்த பெண்கள், வெள்ளை உடுத்த சிங்கள அம்மாமார், வேலைக்குப் போகிற வழியில் சப்பாத்தோடு ஓடிவந்த பையன்கள். நேர்த்தி வைத்தவர்கள் மெழுகுதிரியைக் கட்டுக்கட்டாக வாங்குகிறார்கள். திரி ஏற்றுகிற இடத்தில் வெக்கை முகத்தில் அடிக்கிறது. உருகின மெழுகு வழிந்து, மற்றத் திரிகளின் மெழுகோடு சேர்ந்து, யாருடைய நேர்த்தி எது என்று பிரிக்கமுடியாமல் கிடக்கிறது.

இந்த இடத்தின் கதையை அக்கா வரிசையில் நிற்கும்போது சொன்னார். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லாமல் போனது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற சுவாமி வியாபாரி வேஷத்தில் ஒரு சிறு கடையில் ஒளிந்திருந்து இரவில் சனங்களைச் சந்தித்தாராம். கொச்சியாரின் கடை, கொச்சிக்கடை. ஒருநாள் ஒல்லாந்தச் சிப்பாய்கள் பிடிக்க வந்தபோது, கடல் அரித்துக் குடிசைகளை விழுங்குகிறது என்று முகத்துவாரத்து மீனவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கரையில் சிலுவையை நட்டு மன்றாடினார், கடல் பின்வாங்கியது, அந்த இடத்திலேயே அவருக்குக் காணி கிடைத்தது. பரம்பரையாகச் சொல்லிவருகிற கதை இது. இப்போதுள்ள கோவில் 1834 ஜூன் 13இல் மந்திரிக்கப்பட்டது.

எனக்கு அந்தக் கதையில் தங்கிப்போனது கடல் பின்வாங்கியது இல்லை. தேடுகிறவர்கள் கண்ணெதிரே நிற்கும்போது அந்தக் குருவானவர் ஓடாமல், தன்னைக் காட்டிக்கொண்டு, மீனவர்களுக்காகக் கடலைப் பார்த்து நின்றாரே, அதுதான்.

அந்தோனியாரின் நாவின் துண்டு கோவிலின் முகப்புப் பக்கம் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அவருடைய சுரூபத்தோடு இருக்கிறது. எங்கள் முறை வந்தபோது எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி, அப்படியே தன் பேத்தியின் நெற்றியில் வைத்தார். அவர் நகர்ந்ததும் கண்ணாடியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அதற்குக் கீழே வேறு கைகள், அதற்கும் கீழே ஒரு குழந்தையின் கை. பேழைக்குள் இருப்பதைப் பார்க்க அந்தக் கைரேகைகளின் ஊடாகத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

பாதுவாவின் அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13இல், முப்பத்தைந்து முப்பத்தாறு வயதில். 32 வருடம் கழித்து, 1263இல், கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நா மட்டும் அழியாமல் இருந்ததாம். பக்கத்தில் நின்ற, அந்தோனியாரின் பிரான்சிஸ்கன் சபைக்கு அப்போது தலைவராக இருந்த புனித பொனவெந்தூர் அதைக் கையில் எடுத்து, எப்போதும் ஆண்டவரைத் துதித்த நாவே என்று போற்றினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். அந்த நா என்ன பேசியது என்பதுதான் எனக்கு முக்கியம். இறப்பதற்கு மூன்று மாதம் முன்னால், 1231 மார்ச்சில், பாதுவா நகரத்தில் ஒரு சட்டம் வந்தது: கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவன் தன் சொத்தைக் கொடுத்துவிட்டால் அவனைச் சிறையில் போடக்கூடாது. அது அந்தோனியாரின் வேண்டுகோளின்பேரில் வந்தது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வட்டிக்காரருக்கு எதிராக அவர் பிரசங்கித்தது கடுமையான பேச்சு. அந்தக் கடுமை சிறையில் கிடந்த கடன்காரனைப் போய்த் தொட்டது, அவன் வெளியே வந்தான். அவரே ஒரு பிரசங்கத்தில் சொன்னார், வார்த்தைகள் ஓயட்டும், செயல்கள் பேசட்டும் என்று.

நானும் கடுமையாகத்தான் பேசினேன். என் பேச்சால் யார் வெளியே வந்தார்கள்? என் தம்பிதான், வீட்டை விட்டு.

நான் கண்ணாடியைத் தொடவில்லை. கை போகவில்லை. ஒதுங்கிப்போய் ஒரு வாங்கில் உட்கார்ந்து பையிலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்தேன். அம்மாவுடையது. எபேசியர் 4:15. "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு." அக்காவின் கத்தோலிக்க விவிலியத்தில் உண்மையைப் பேசி என்ற மாதிரி வருகிறது, எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் கைக்கொண்டு என்று. கிரேக்கத்தில் அது ஒரே வினைச்சொல். சத்தியத்தைப் பேசுவது, சத்தியமாக இருப்பது, இரண்டும் அதற்குள் அடக்கம். எனக்கு எங்கள் பழைய சொல் பிடிக்கும். கைக்கொள்ளுவது என்றால் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். நான் அன்றைக்கு அதை வாசலில் நின்று எறிந்தேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், இரண்டு வருடமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று மேலே வந்தது. அம்மாவின் மருந்துச் செலவு. சுகர், பிரஷர், பிறகு சிறுநீரகம். மாதம் மாதம் முழுச் செலவையும் அனுப்பியது தம்பி. அம்மாவுக்குக்கூடச் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தான். ஃபோன் எடுக்காதவன் ஒரு மாதமும் காசு அனுப்பத் தவறவில்லை. வாசலில் நின்று பேசியபோது அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்தேன், ஏனென்றால் மற்றதுதான் குத்தும். அங்கே இருந்த மாமி, சித்தப்பா, சபை ஆட்கள் யாருக்கும் மருந்துக் காசைப் பற்றித் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

உண்மையைத்தானே சொன்னேன் என்று இனி எப்படிச் சொல்லுவேன்? ஆண்டவர் முன்னால் அந்த வாங்கில் எனக்கு அழுகை வந்தது. அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அவரை எனக்கு அதனால்தான் பிடிக்கும்.

யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் "அவருடைய மகிமையைக் கண்டோம்" என்று வருகிறது. அந்த மகிமை எப்படிப்பட்டது என்று அந்த வசனமே சொல்லுகிறது: "கிருபையினாலும் சத்தியத்தினாலும் நிறைந்தவராய்." சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்ன வசனம். மகிமை என்றால் வெளிச்சம், மேகம், தேவதூதர் என்றுதான் என் மனதில் இருந்தது. போன வருடம் கட்டுவாப்பிட்டிக்குப் போனபோது அது கொஞ்சம் மாறியது. அங்கே உயிர்த்த இயேசுவின் சுரூபத்தில் 2019இல் தெறித்த இரத்தத் துளிகளைத் துடைக்காமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உயிர்த்தெழுந்தவர் தோமாவுக்குக் காட்டியதும் காயத்தைத்தானே. நடந்ததை மறைக்காத மகிமை அது. பழிவாங்கவும் கேட்காத மகிமை.

இந்தத் தேசத்துக் கத்தோலிக்கரிடம் அதை நான் கண்டிருக்கிறேன். குண்டு வெடித்த நாட்களில் யாரும் சட்டத்தைக் கையில் எடுக்கவேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் மன்றாடினார். 2020 உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார். அதே வாயால் இன்றுவரைக்கும், உண்மை என்னவென்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறினார்கள் என்று உயர்நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்புச் சொல்லி, அன்றைய ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் நட்டஈடு கட்டச் சொன்னது. மன்னித்தவர்கள்தானே, பிறகேன் கேட்கிறார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயர்க்கல்லின் முன்னால் ஒருமுறை நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நண்பகல் பூசை தொடங்கியது. தமிழும் சிங்களமும் மாறி மாறிக் கேட்டது. மெழுகுதிரிப் புகை வாசம் உள்ளேவரை வந்தது. அந்த வாசத்தில் எனக்கு யோவானில் வருகிற ஒரு சொல் நினைவுக்கு வந்தது: கரிநெருப்பு. அது இரண்டே இடத்தில்தான் வருகிறது. 18ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டு நின்று ஆண்டவரை மறுதலித்த இடம். மற்றது 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் தானே மூட்டி வைத்திருந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறினபோதே பேதுருவுக்குப் புரிந்திருக்கும், என்ன பேச்சு வரப்போகிறது என்று. ஆனால் அந்தப் பேச்சுக்கு முன்னால் ஆண்டவர் சொன்னது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." மீன் சுட்டு வைத்திருந்தார். அப்பம் எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகுதான் கேட்டார், நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று, மறுதலித்த அதே மூன்று தரம். ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. பேதுரு துக்கப்பட்டான் என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் அவன் எழுந்து ஓடிப்போகவில்லை.

பூசை முடிந்து அக்கா ஏழைகளுக்குக் கொடுக்க வாங்கி வைத்திருந்த பாணில் ஒன்றை என் கையில் தந்து, "நீங்களும் குடுங்கோ" என்றார். கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்துச் சமைத்து முடிய இரவு ஏழரை. ரொறன்ரோவில் காலை பத்து மணி. தம்பிக்குச் செவ்வாயில் பின்நேர வேலை என்று மாமி எப்போதோ சொல்லியிருந்தா. என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க அடுக்கி வைத்திருந்தேன். மணி நாலு தரம் அடித்தது. எடுத்தான். ஒன்றும் பேசவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாப்பிட்டியா தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இல்லையக்கா. இப்பதான் எழும்பினனான். பாண் போடுறன்."

"சரி. சாப்பிடு. நான் லைன்ல நிக்கிறன். அந்த மருந்துக் காசைப் பற்றி மாமியாக்களுக்குச் சொல்லப்போறன். அதுக்கு முதல் உன்னட்டச் சொல்லோணும்."

ஒரு கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது. அவன் இருந்தான்.