கைப்பிடி மாட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது குளியலறை. ஈரமும் சோப்பும் போதாதென்று எண்ணெய்க் குளியலின் பிசுக்கு வேறு. கைப்பிடிக் கம்பி ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எந்தச் சுவரில், எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரப்பர் கப் வைத்து ஒட்டும் கைப்பிடி வேண்டவே வேண்டாம். சொரசொரப்பான டைல்ஸில் அது பிடிக்காது. வழவழப்பான டைல்ஸில் பிடித்தாலும் மெல்லக் காற்று புகுந்து, ஆள் பாரம் விழும் நேரத்தில் கழன்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, 32 முதல் 38 மில்லிமீட்டர் கனத்தில் வாங்குங்கள். கம்பிக்கும் சுவருக்கும் இடைவெளி 4 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால், கை வழுக்கும்போது முன்கை உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இனி சுவர். எந்த வகை என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் என்றால் கவலையில்லை, 8 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் (முறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) நன்றாக நிற்கும். நாலரை இஞ்ச் சுவரில் அதே போல்ட்டை முறுக்கினால் அது விரிந்து செங்கல்லையே பிளந்துவிடலாம். ஹாலோ பிளாக்கில் நிலைமை இன்னும் மோசம்: உள்ளே வெற்றிடம், திருகு பிடித்திருப்பது பூச்சையும் பிளாக்கின் மெல்லிய வெளிப்பக்கத்தையும் மட்டும்தான். இந்த இரண்டு சுவர்களிலும் மறுபக்கம் வரை துளைத்து, அங்கே இரும்புத் தகடு வைத்து நட்டு போடுவதே நம்பகமானது. மறுபக்கம் எட்டாவிட்டால், ஹாலோ பிளாக்குக்கு வலைக்குழாயோடு வரும் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை இறுகிப் பிடிக்கும் போல்ட், போடுங்கள்.

டைல்ஸைத் துளைக்கும்போது டிரில்லில் ஹேமரை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்து வையுங்கள், இல்லையென்றால் விரிசல் விடும். டைல்ஸைத் தாண்டிய பிறகு ஹேமர் போடலாம். குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கக் கூடாது, உள்ளே பைப் ஓடும். துளையில் சிலிக்கான் அடைத்து, மாட்டி முடிந்ததும் திடமான ஆள் ஒருவர் முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பி அசைந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

உயரத்தைக் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது. அம்மாவையோ அப்பாவையோ கமோடில் உட்காரவைத்து, எழும்போது கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் இருக்கையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் மேலே வரும். பக்கவாதம் வந்தவருக்கு நல்ல கை இருக்கும் பக்கம்.

சாதாரண கமோடின் உயரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். முழங்கால் வலிக்காரருக்கு 45 முதல் 48 வரை இருந்தால் எழுவது எளிது. குள்ளமானவர்களுக்கு அது அதிகம். பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும். இந்தியன் டாய்லெட்டின் மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை வைக்காதீர்கள். ஈரத் தரையில் கால்கள் அகன்று சரிந்துவிடும். ரப்பர் புஷ் போட்ட இரும்புக் கமோட் ஸ்டூல் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது.

வாளியைத் தரையில் வைக்காமல் அகலமான, அசையாத மேடையில் வைத்தால், உட்கார்ந்தபடியே குனியாமல் குளிக்கலாம்.

கதவையும் கவனியுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்து, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள்.