பதினாறு அவுன்ஸ் யாருக்காக?

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் இயங்கும் சிறிய குத்துச்சண்டைக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பயிற்சி செய்துவருகிறேன். பகலில் கணக்கெழுதும் வேலை, மாலையில் இரண்டு மணி நேரம் இங்கே. புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கையில் பேண்டேஜ் (கையுறைக்குள் விரல்கணுவையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்கும் துணிப்பட்டை) சுற்றக் கற்றுக்கொடுப்பதும், என்ன கையுறை வாங்கலாம் என்று சொல்வதும் நாளடைவில் என் தலையில் விழுந்துவிட்டன. சென்ற மாதம், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பையன் ஒருவன் தோபி தலாவில் வாங்கிய புதுக் கையுறையைக் கடைப் பையோடு கொண்டுவந்து காட்டினான். "கடையிலேயே போட்டுப் பாத்துட்டேன்ணே, கச்சிதமா இருக்கு. எட்டுதான் என் சைஸு" என்றான்.

செருப்புக்கு எட்டு, சட்டைக்கு நாற்பது என்பதுபோல் கையுறையின் எண்ணும் கையின் அளவைக் குறிக்கிறது என்று எண்ணுவது அவன் தவறு மட்டுமல்ல. வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கிவருகிறார்கள். விற்கிறவர்களும் பல நேரங்களில் அப்படித்தான் விற்கிறார்கள். கையுறையில் அச்சிட்டிருக்கும் எண், அந்த ஒற்றைக் கையுறையின் எடை. ஒரு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28 கிராம். ஆகவே 8 அவுன்ஸ் கையுறை ஒவ்வொன்றும் சுமார் 227 கிராம், 10 என்றால் 284, 12 என்றால் 340, 14 என்றால் 397, 16 என்றால் 454 கிராம். எடை கூடக்கூட உள்ளே திணிக்கும் மெத்தையும் கூடுகிறது, அதனால் கையுறையும் பெரிதாகிறது. அளவு என்று நாம் மயங்குவது இதைத்தான். எனவே கடையில் நிற்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது, இது என் கைக்குப் பொருந்துகிறதா என்பது மட்டுமல்ல, இதைப் போட்டுக்கொண்டு எதை அடிக்கப்போகிறேன் என்பதும்தான்.

அந்தப் பையனை நான் கடிந்துகொள்ளவில்லை. முதலாண்டில் நானும் எட்டு வாங்கியவன்தான். போட்டதும் கை பறப்பதுபோல் இருந்தது, கண்ணாடி முன் நின்று நிழற்குத்து விட்டால் என் வேகத்தை நானே மெச்சிக்கொள்ளலாம். அதே கையுறையோடு, நாற்பது கிலோ இருக்கும் தொங்கு மூட்டையை மூன்று வாரம் அடித்தேன். ஒருநாள் வலதுகை வளைவுக்குத்து சற்றே புரண்டு, சுண்டுவிரல் பக்கமாகப் போய் இறங்கியது. மறுநாள் காலையில் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கையில் சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பின் கழுத்துப் பகுதியில் கீறல் விழுந்திருந்தது. குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே அதற்குப் பெயர் உண்டு என்று எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வாரம் இடதுகையால் கணக்கெழுதினேன்.

மூட்டைக்கு வலிக்காது, அது விலகாது, களைக்காது. அடிக்கிற விசையில் பெரும்பங்கு நம் கைக்கே திரும்பி வருகிறது. ஆகையால் மூட்டைப் பயிற்சிக்கான கையுறை முழுக்க முழுக்க நம் எலும்புக்காகவே வாங்குவது. உடல் எடை எழுபது கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு 12 அவுன்ஸ் போதும். அதற்கு மேற்பட்டவர்களும், மூட்டையை ஒரேயடியாகச் சாத்துகிறவர்களும் 14 எடுப்பது நல்லது. மிகவும் ஒல்லியானவர்கள் 10 அவுன்ஸில் சமாளிக்கலாம் என்றாலும், பேண்டேஜ் ஒழுங்காகச் சுற்றத் தெரியாத ஒருவரிடம் 10 அவுன்ஸை நான் பரிந்துரைப்பதில்லை. பேட் பயிற்சி, அதாவது இன்னொருவர் கையில் மாட்டிப் பிடிக்கும் மெத்தைத் தட்டைக் குத்துவது, இவ்வளவு கடுமையானதன்று. எதிரே பேட் பிடிப்பவரின் கை அடியை வாங்கிப் பின்னால் போவதால் நம் விரல்கணுக்கள் தப்பிக்கின்றன. அங்கே வேகமும் துல்லியமுமே முக்கியம் என்பதால் 10 அல்லது 12 சரியாக இருக்கும்.

ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று ஆடும் பயிற்சிச் சண்டை, விஷயம் வேறு. ஸ்பாரிங்குக்கு வாங்கும் கையுறையை நாம் காசு கொடுத்து வாங்கினாலும், அது எதிரே நிற்பவருடைய முகத்துக்காக வாங்குவது. எங்கள் கூடத்தில் வயது வந்த ஆண்கள் ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் இல்லாமல் வளையத்துக்குள் ஏற முடியாது. தொண்ணூறு கிலோவைத் தாண்டியவர்களுக்கு 18. ஐம்பத்தைந்து கிலோவுக்குக் குறைந்தவர்கள் தங்களுக்கு இணையான எடையுள்ளவரோடு ஆடும்போது மட்டும் 14 அனுமதி. பெரிய கையுறையில் மெத்தை தடிமனாக இருப்பதால் குத்து படுகிற நேரம் சற்று நீள்கிறது, விசை அகலமாகப் பரவுகிறது, புருவம் கிழிவதும் உதடு வெடிப்பதும் குறைகின்றன. கையுறையே பெரிதாக இருப்பதால் காப்பு நிலையில் முகத்தையும் கூடுதலாக மறைக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 16 அவுன்ஸ் போட்டுவிட்டோம், இனி எவ்வளவு பலமாக அடித்தாலும் தப்பில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மெத்தை தோலைக் காப்பாற்றும். தலை வெடுக்கென்று திரும்பும்போது மண்டைக்குள் மூளை அசைவதை எந்த மெத்தையாலும் நிறுத்த முடியாது. தலைக்கவசத்துக்கும் இதுவே பொருந்தும். சர்வதேச அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) போட்டிகளில் வயது வந்த ஆண்களுக்குத் தலைக்கவசம் 2013இல் எடுக்கப்பட்டு, 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவர்கள் அது இல்லாமலேயே ஆடினார்கள். ஸ்பாரிங்கில் பாதுகாப்பு என்பது முதலில் அடிக்கிறவனுடைய அடக்கம். அதற்குப் பிறகுதான் அவுன்ஸ். வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் என்ற குத்துச்சண்டை வீரர் 1740களில் தன் மாணவர்களுக்கு மெத்தை வைத்த கையுறை மாட்டியது பயிற்சிக்காகத்தான். பந்தயச் சண்டைகள் வெறுங்கையோடுதான் நடந்தன. 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி குத்துச்சண்டை விதிகள்தான் கையுறையைப் போட்டிக்குள் கொண்டுவந்தன. வெறுங்கைக் காலத்தில் மண்டையை ஓங்கிக் குத்தினால் குத்தியவன் கைதான் முதலில் உடையும் என்ற அச்சம் இருந்தது. கையுறை அந்த அச்சத்தைப் போக்கி, மண்டையை ஓங்கிக் குத்தும் துணிச்சலைத் தந்தது. கையுறையை முகத்துக்கான கருணை என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூட்டைக்கு ஒன்று, ஸ்பாரிங்குக்கு ஒன்று என இரண்டு ஜோடி எதற்கு, 16 அவுன்ஸ் ஒரே ஜோடியை இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். மாதச் சம்பளத்தில் வாடகை கொடுத்து வாழ்கிற ஊரில் நியாயமான கேள்விதான். ஆனால் மூட்டையை நாள்தோறும் அடிக்கும் கையுறையில் விரல்கணுப் பகுதி மெத்தை சில மாதங்களில் அமுங்கி நைந்துவிடும். வெளித்தோல் பளபளவென்றே இருக்கும், எடையும் குறையாது. அதே 16 அவுன்ஸ்தான், ஆனால் படுகிறவனுக்கு வெறும் எலும்பு படுவதுபோல் இருக்கும். ஸ்பாரிங்குக்கு முன் எதிராளியின் கையுறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. விரல் சட்டென்று கணுவைத் தொட்டுவிட்டால், அந்தக் கையுறையோடு நான் ஆடுவதில்லை. இதற்காக என்னோடு முகம் சுளித்தவர்களும் உண்டு.

எடை குறையாமலே கையுறை கெடும் என்பதை நான் கண்ணால் கண்டது எங்கள் பகுதி அண்ணாச்சி ஒருவரிடம். திருநெல்வேலிக்காரர், சயான் - பாந்த்ரா இணைப்புச் சாலையில் உள்ள தோல் கடைகளுக்குப் பை தைத்துக் கொடுப்பவர். நைந்துபோன என் பழைய ஜோடி ஒன்றையும், கூடத்துக்கு யாரோ மலிவாக வாங்கிப் போட்டு மூன்றே மாதத்தில் பாழான 16 அவுன்ஸ் ஜோடி ஒன்றையும் அவரிடம் கொடுத்து, தையலைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். என் பழைய கையுறைக்குள் அடுக்கடுக்காக மூன்று வகை நுரைத்தட்டுகள் இருந்தன. நடுத்தட்டு மட்டும் கணுவின் அச்சு விழுந்து, தொட்டால் உதிர்ந்தது. மலிவுக் கையுறையைப் பிரித்ததும் அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. கணுவுக்கு முன்னால் ஒரு விரல் தடிமனுக்கு ஒற்றை நுரை. மணிக்கட்டுப் பட்டைக்குள்ளும் உள்ளங்கைப் பக்கத்திலும் துணிக்கந்தல், ரெக்சின் வெட்டுத்துண்டு, ஒரு பழைய ஜிப்பின் பாதி. "எடைக்கு எடை சரியா வச்சிருக்கான் தம்பி. வைக்க வேண்டிய எடத்துல வைக்கல" என்றார். பிறகு அந்த ஜிப்பை எடுத்துத் தேய்த்துப் பார்த்து, இன்னும் ஓடும் என்று தன் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அமெச்சூர் போட்டிக் கையுறைகளுக்கான விதிகளில், தோலின் எடை மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, மெத்தை பாதிக்குக் குறையக் கூடாது என்று எழுதிவைத்திருப்பதன் அருமை அன்றுதான் எனக்கு விளங்கியது. பயிற்சிக் கையுறைக்கு அப்படிக் கேட்பாரில்லை. ஆகவே வாங்கியதும் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நான் அப்படி நிறுத்த ஜோடிகளில், 16 என்று அச்சிட்ட ஒன்று 405 கிராம்தான் இருந்தது. இன்னொன்றில் இடதுக்கும் வலதுக்கும் இருபது கிராம் வித்தியாசம். கடைக்காரர், எதை நிறுக்கிறோம் என்று புரியாமல், பொட்டலம் கட்டக் காகிதம் கிழித்துவிட்டார். எடை சரியாக இருந்தால் கணுப் பகுதியை அழுத்திப் பாருங்கள். இரண்டும் தேறினால் வைத்துக்கொள்ளலாம்.

போட்டிக்குப் போகிறவர்களுக்குத் தேர்வு செய்யும் தொல்லை இல்லை. அமெச்சூரில் எடை குறைந்த பிரிவு ஆண்களுக்கு 10 அவுன்ஸ், எடை கூடிய பிரிவுகளுக்கு 12, பெண்களுக்கு 10. தொழில்முறைச் சண்டைகளில் பெரும்பாலும் 147 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 66.7 கிலோ வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. எட்டு அவுன்ஸுக்கு உண்மையான இடம் அதுதான். பயிற்சியில் கனமான கையுறை போட்டால் போட்டியில் கை மின்னலாகப் பாயும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. 16 அவுன்ஸோடு மூன்று நிமிடச் சுற்றுகள் ஆடினால் தோள் உரமேறும், சந்தேகமில்லை. ஆனால் பழகாதவனுக்கு இரண்டாம் சுற்றிலேயே கை தாடையை விட்டு இறங்கி, குத்தின் வடிவமும் கெடும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பாகவாவது பேட் பயிற்சியைப் போட்டி எடைக்கே மாற்றிவிட வேண்டும். இல்லையேல் கனத்துக்குப் பழகிய கை, குறியைத் தாண்டிப் போய் நிற்கும்.

பெண்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. 14, 16 அவுன்ஸ் கையுறைகள் பலவற்றை ஆண் கையை மனத்தில் வைத்தே வெட்டுகிறார்கள். எங்களோடு பயிற்சி செய்யும் ஒரு செவிலியர், 14 அவுன்ஸுக்குள் தன் கை சோப்பு டப்பாவுக்குள் கிடக்கும் சில்லறைபோல் ஆடுகிறது என்பார். கை உள்ளே ஆடினால் மணிக்கட்டு மடங்கும், எடை பயனற்றுப்போகும். எடையைக் குறைப்பது இதற்குத் தீர்வன்று. நான்கரை மீட்டர் பேண்டேஜை முழுதாகச் சுற்றிக்கொண்ட பிறகே கையுறையைப் போட்டுப் பார்த்து, உள்ளறை ஒடுக்கமான வேறொரு வகையைத் தேடுவதுதான் வழி. பேண்டேஜ் இல்லாமல் கடையில் போட்டுப் பார்த்துக் கச்சிதம் என்று வாங்கியது யாருக்குமே பிறகு பொருந்துவதில்லை.

மும்பைக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. ஆடி மாதத்து மழையில் இங்கே எதுவும் காய்வதில்லை. சென்ற ஆண்டு ஒரு வாரம் தொடர்ந்து மூட்டை அடித்த என் 12 அவுன்ஸை நிறுத்தபோது, வியர்வை குடித்து முப்பது கிராம் கூடியிருந்தது. ஓர் அவுன்ஸுக்கு மேல். நனைந்த நுரை சீக்கிரம் அமுங்கும், நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம். வெயில் அடிக்கிற அன்று நேரடி வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும் என்பதால், உள்ளே தமிழ்த் தினசரியைச் சுருட்டிச் செருகி, மின்விசிறிக்கு நேராக வாய் திறந்து தொங்கவிடுகிறேன்.

அந்தப் பையன் மறுநாளே கடைக்குப் போய், முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து எட்டைப் பன்னிரண்டாக மாற்றிவந்தான். ஸ்பாரிங்குக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை பதினாறு வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். புது ஜோடியைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தேன், கணுவில் நுரை கெட்டியாகத்தான் இருந்தது. அவன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "தராசுல வச்சிட்டேன்ணே, முந்நூத்தி முப்பத்தெட்டு" என்றான்.