கொட்டடியிலிருந்து தொடங்கும் புதுப்பிப்பு

பழைய திறந்தவெளி உயிரியல் பூங்கா ஒன்றைப் புதுப்பிக்கும் வரைபடம் கண்ணில் பட்டால், நான் முதலில் தேடுவது நுழைவாயிலையோ பார்வை மேடையையோ அல்ல. விலங்குகள் இரவைக் கழிக்கும் கொட்டடிகளை அதில் எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்பதைத்தான். பெரும்பாலான வரைபடங்களில் அது ஓர் ஓரத்தில் சாம்பல் நிறக் கட்டமாகவே இருக்கும்.

ஜெர்மன் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஹாம்பர்க்கை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டி விலங்குகளைக் காட்டினார். 1931இல் இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்கா பரந்த புல்வெளிகளோடு திறக்கப்பட்டது. 1972இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலும் 1977இல் ஆஸ்திரேலியாவின் டப்போவிலும் தொடங்கிய திறந்தவெளிப் பூங்காக்கள் இன்று ஏறக்குறைய அரை நூற்றாண்டை எட்டியவை. அந்தத் தலைமுறைப் பூங்காக்களில், பரப்பு இருந்தால் மற்றவை தாமே அமைந்துவிடும் என்ற நம்பிக்கை ஓரளவுக்கு இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

பரப்பு இருப்பதும் விலங்கு அதைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. தீவனமும் தண்ணீரும் கொட்டடி வாயிலருகே மட்டும் கிடைத்தால், மந்தை நாள் முழுவதும் அங்கேயே நிற்கும். குளம்பு பட்டுப் பட்டு இறுகி, புல்லற்று, மழை பெய்தால் சேறாகும் ஒரு திட்டும், அதற்கப்பால் அதிகம் மிதிபடாத புல்வெளியும் மிஞ்சும். தீவனத்தைப் பல இடங்களில் வெவ்வேறு நேரங்களில் வைப்பதும், ஒட்டகச்சிவிங்கிக்கு இலைக்கிளைகளை உயரத்தில் கட்டித் தொங்கவிடுவதும், காண்டாமிருகத்துக்குச் சேற்றுக்குழி அமைப்பதும் புதிய மதில் எழுப்புவதைவிடச் செலவு குறைந்தவை. குடற்புழுக்களின் முட்டைகளும் இளம்புழுக்களும் ஆண்டுக்கணக்கில் சேரும் மேய்ச்சல் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஓய்வு கொடுக்கவும் இடம் வேண்டும். பல இனங்களைக் கலந்து வளர்க்கும் வெளிகளில், ஆண் வரிக்குதிரை புதிதாய்ப் பிறந்த மான் கன்றைத் தாக்கக்கூடும் என்பதால், சிறியவை மட்டும் நுழையும் இடைவெளியோடு கம்பங்கள் நட்ட ஒதுக்கிடம் தேவை.

கொட்டடிதான் உண்மையில் முதுமையைக் காட்டும் இடம். ஈரம் வடியாத கான்கிரீட் தரையில் நெடுநேரம் நிற்கும் யானைக்கு உள்ளங்கால் வெடிப்பு, நகத்தடியில் சீழ், மூட்டு நோய் ஆகியவை வருகின்றன. ஆழமாக மணல் நிரப்பி, சாய்ந்து படுக்கச் சரிவான மேடும் அமைத்துக் கொடுத்தால், அது படுத்து உறங்க வசதியாகிறது. குளிர்நாடுகளில் ஒட்டகச்சிவிங்கி பனிக்காலத்தின் பெரும்பகுதியை உள்ளேதான் கழிக்கிறது. வெளியே எத்தனை ஏக்கர் இருந்தாலும் அந்த மாதங்களில் அதற்குக் கொட்டடியே உலகம். பார்வையாளர் கண்ணில் படாததால் நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் அங்கே ஏறாது. பணம் கடைசியில் வந்து சேர்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலையின் வரிசையும் இதையே வலியுறுத்துகிறது. புதிய கொட்டடியை முதலில் கட்டி, விலங்குகளை அங்கே பழக்கி, அதன் பிறகே பழைய அடைப்பை இடிக்க முடியும். வேறு பூங்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தால், பயணப் பெட்டிக்குள் விலங்கு தானாக நடந்து செல்லும் பயிற்சிக்கே வாரங்களோ மாதங்களோ ஆகும். ஒப்பந்ததாரரின் கால அட்டவணை அதற்கு ஏற்ப வளைந்தாக வேண்டும். பட்ஜெட் போதாவிட்டால், இனங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதையே நான் ஆதரிப்பேன். பார்வையாளர்கள் சிலர் குறைப்படுவார்கள், அடுத்த ஆண்டின் சீட்டு விற்பனையும் குறையக்கூடும். அந்த இழப்பையும் சேர்த்தே திட்ட மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும்.