எட்டு எட்டாக எண்ணிப் படித்த டிராப்ஃப்ரேம்

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலைக்குத் தயாராகும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, எக்ஸ்வி6 முழுக்கப் படிச்சுட்டேன், ஆனா ரிவ்யூ பண்ணச் சொன்னா எங்க பார்க்கணும்னே தெரியல." எக்ஸ்வி6 என்பது மாணவர்கள் படிப்பதற்காக எழுதிய சின்ன இயங்குதளம், நான் சொல்வது அதன் ரிஸ்க்-வி பதிப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு எண் திரையில் ஓடும் வரை.

மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நானும் என் அறை நண்பனின் தம்பியும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். ஒரு பிராசஸ் எத்தனை சிஸ்டம் கால் (கெர்னலிடம் கேட்கும் வேலை) செய்கிறது என்று எண்ணுவதற்காக அவன் டிராப்ஃப்ரேம் (கெர்னலுக்குள் நுழையும்போது பயனர் நிரலின் ரெஜிஸ்டர்களைச் சேமித்து வைக்கும் இடம்) ஸ்ட்ரக்சரில் ஒரு புது ஃபீல்டைச் சேர்த்திருந்தான், கெர்னல் ஹார்ட் ஐடிக்கு (சிபியு கோரின் எண்) அடுத்து, ஆர்.ஏ.வுக்கு (திரும்பிப் போகும் முகவரி) முன்னால். சி கோட் சுத்தமாக இருந்தது, கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தரவில்லை, நானும் சரி என்று சொல்லிவிட்டேன். கியூஎம்யூ என்ற எமுலேட்டரில் ஓட்டியதும் "அன்னோன் சிஸ் கால் 84215045" என்ற வரி நிற்காமல் ஓட ஆரம்பித்தது.

"அண்ணே, இது என்ன நம்பர்?"

பதினாறின் அடியில் எழுதினால் 05050505. கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் கே-அலாக் புதிதாகத் தரும் பக்கத்தை 5 என்ற பைட்டால் நிரப்பி வைக்கும், அந்தக் குப்பைதான் இது. டிராப்ஃப்ரேமில் ஒவ்வொரு இடமும் 8 பைட். அவன் சேர்த்த ஃபீல்டால் சி பக்கத்தில் எல்லா ரெஜிஸ்டரும் எட்டு பைட் கீழே இறங்கிவிட்டன, ஆனால் ரெஜிஸ்டர்களை அங்கே சேமித்துத் திரும்ப எடுக்கும் டிராம்போலின் அசெம்பிளியில் 40, 48, 56 என்று எண்ணாகவே எழுதியிருக்கிறதே, அதற்கு இந்த மாற்றம் தெரியாது. அது சிஸ்டம் கால் எண் இருக்கும் ஏ7-ஐ 168-இல் வைக்கிறது, சி போய் 176-இல் தேடுகிறது. அங்கே இருப்பது எஸ்2, அதற்குள் யாரும் தொடாத 5-கள். (நாங்கள் வைத்திருந்தது முதல் பிராசஸை இனிட்கோட் என்ற சிறு துண்டால் தொடங்கும் பழைய பதிப்பு.) ஃபீல்டைக் கடைசிக்கு நகர்த்தியதும் சரியானது.

அன்றிலிருந்து இந்த மாதிரி கோடை நான் திரையில் மட்டும் படிப்பதில்லை. ஒரு தாளில் இடப்பக்கம் ஸ்ட்ரக்சர், வலப்பக்கம் அசெம்பிளி வரி, நடுவில் கையால் எண்ணிய ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி). பக்கத்தில் எழுதியிருக்கும் கமெண்டை நம்பாதீர்கள், நீங்களே எட்டு எட்டாக எண்ணுங்கள். முதல் ஐந்து இடம் கெர்னலுக்கும் இபிசிக்கும் (பயனர் நிரல் நின்ற இடத்தின் முகவரி), அப்புறம் 31 ரெஜிஸ்டர் (எக்ஸ்0 எப்போதும் பூஜ்யம், சேமிக்க வேண்டாம்), மொத்தம் 288 பைட் வர வேண்டும். லினக்ஸில் அசெம்பிளிக்கான ஆஃப்செட்டுகளை சி ஸ்ட்ரக்சரிலிருந்தே உருவாக்கிக்கொள்கிறார்கள், அது ஏன் என்று இதைச் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும்.

இடம் சரியாக இருந்தாலும் வரிசை தப்பலாம், அதையும் பாருங்கள். யூசர்வெக்கில் (டிராம்போலினில் கெர்னலுக்குள் நுழையும் பகுதி) நுழைந்ததும் ஒரு ரெஜிஸ்டர்கூட காலியாக இருக்காது, எல்லாவற்றிலும் பயனர் நிரலின் மதிப்பு இருக்கும். அதனால்தான் முதலில் ஏ0-ஐ எஸ்ஸ்கிராட்ச் என்ற தனி ரெஜிஸ்டரில் ஒதுக்கிவிட்டு ஏ0-இல் டிராப்ஃப்ரேம் முகவரியை வைக்கிறார்கள், மற்றதையெல்லாம் சேமித்த பிறகு அந்தப் பழைய ஏ0-ஐ டி0 வழியாக எடுத்து 112-இல் போடுகிறார்கள். டி0-ஐச் சேமிக்கும் வரிக்கு முன்னால் யாராவது டி0-ஐத் தொட்டால் பயனரின் டி0 போயே போய்விடும்.

நேர்காணலில் என்னிடம் முதலில் கேட்டது, பிராசஸ் மாறும்போது கெர்னல் சேமிக்கும் கான்டெக்ஸ்ட் ஸ்ட்ரக்சரில் ஏன் 14 ரெஜிஸ்டர் மட்டும், ஏ0 எங்கே, புரோகிராம் கவுன்ட்டர் எங்கே என்று. அந்த மாற்றத்தைச் செய்யும் ஸ்விட்ச் ஒரு சாதாரண சி ஃபங்ஷன் மாதிரி அழைக்கப்படுகிறது, ஏ, டி வகை ரெஜிஸ்டர்கள் தேவைப்பட்டால் அழைப்பவரே ஸ்டேக்கில் வைத்திருப்பார், திரும்பிப் போக ஆர்.ஏ. போதும் என்றேன். அடுத்து ரெஜிஸ்டர்களை டிராப்ஃப்ரேமில் சேமிக்கும் ஒரு பக்க அசெம்பிளியைத் தந்து தவறைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். தாள் கேட்டு வாங்கி எண்ணினேன். எஸ்11 248-க்குப் போக வேண்டியது, ஆனால் எஸ்10, எஸ்11 இரண்டையும் 240-லேயே சேமித்திருந்தது. எஸ்10-ஐப் பயன்படுத்தும் அளவுக்குப் பெரிய ஃபங்ஷன் வரும் வரை அது எல்லா டெஸ்டையும் தாண்டிவிடும் என்று சொன்னதும், எதிரில் இருந்தவர் தன் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப்போட்டுக்கொண்டார்.